கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்ட்... உயிரைப் பணயம் வைத்து நிரூபித்த எலிஷா ஓட்டிஸ்!

பழைய அரசுக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட்டுக்காக நீங்களும் காத்திருந்திருப்பீர்கள். இரும்பு க்ரில் கதவு, உள்ளே மங்கலாக ஒரு பல்பு, ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் லிஃப்ட் ஆபரேட்டர். அவர் க்ரில்லை டமார் என்று இழுத்துச் சாத்தியதும், பெட்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுத்தான் மேலே கிளம்பும். ரெண்டாவது மாடியைத் தாண்டும்போது கரகரவென ஒரு சத்தம் வரும் பாருங்க... அந்த நொடியில் உள்ளே இருக்கிற எல்லார் மனசிலும் ஒரே கேள்விதான். கயிறு அறுந்தா என்ன ஆகும்?

நான் அடிக்கடி போய்வந்த ஓர் அலுவலகத்தில் அப்படி ஒரு லிஃப்ட் இருந்தது. பாதி நாள் பழுது என்று அட்டை தொங்கும். மூன்றாவது மாடியில் பென்ஷன் பிரிவு. அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள். ஒரு வழியாகப் பழைய லிஃப்ட்டைக் கழற்றிவிட்டு, பளபளவென ஸ்டீல் கதவோடு புதுசு மாட்டினார்கள்.

ஆச்சர்யம் என்னன்னா, புது லிஃப்ட் வந்த முதல் சில நாள்கள் பலரும் அதில் ஏறத் தயங்கினார்கள். ஆபரேட்டர் இல்லை, க்ரில் இல்லை, வெளியே என்ன நடக்கிறது என்றே தெரியாத ஒரு மூடிய பெட்டி. ஒரு வயதான அம்மா, வேறு ரெண்டு பேர் மேலே போய்ப் பத்திரமாக இறங்கி வந்ததைப் பார்த்த பிறகுதான் உள்ளே காலை வைத்தார். அவரைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை. ஏன்னா, அந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல.

கிட்டத்தட்ட 170 ஆண்டுகளுக்கு முன்பு நியூயார்க் நகரமே அந்த அம்மாவைப் போலத்தான் தயங்கி நின்றது. அந்தத் தயக்கத்தைப் போக்க ஒரு மனிதர், கூட்டத்துக்கு நடுவே உயரத்தில் ஏறி நின்று, தன் தலைக்கு மேலே இருந்த கயிற்றையே வெட்டச் சொன்னார். அவர்தான் எலிஷா கிரேவ்ஸ் ஓட்டிஸ். லிஃப்ட் வாசலில் காலடியில் பதித்திருக்கும் தகட்டில் இந்தப் பெயரை நீங்கள் பலமுறை மிதித்துக் கடந்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது ஒரு கோடீஸ்வரரின் கதை இல்லை. தொட்டதெல்லாம் பாதியில் நின்றுபோன ஒரு மனிதரின் கதை.

விவசாயி வீட்டுக் கடைக்குட்டி

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஹாலிஃபேக்ஸ் என்ற சின்ன ஊர். அங்கே 1811-ம் ஆண்டு ஆகஸ்ட் 3-ம் தேதி, விவசாயக் குடும்பம் ஒன்றில் ஆறாவது பிள்ளையாகப் பிறந்தார் எலிஷா. வீட்டில் நிலம் இருந்தது, வேலை இருந்தது. ஆனால், கடைக்குட்டிக்கு மண்ணில் மனசு ஒட்டவில்லை. 19 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார்.

போய்ச் சேர்ந்த இடம் நியூயார்க் மாநிலத்தில் இருந்த டிராய். அங்கே குதிரை வண்டி ஓட்டினார். சரக்கு ஏற்றுவது, இறக்குவது, மேடு பள்ளத்தில் வண்டி குடை சாயாமல் ஓட்டுவது என ஐந்து வருடங்கள் அதே பிழைப்பு. வண்டியின் அடியில் இருக்கும் வளைந்த இரும்புப் பட்டைகள், எவ்வளவு பாரம் ஏறினால் எவ்வளவு வளையும், பாரம் இறங்கினால் எப்படி நிமிரும் என்பது தினமும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கும். இந்த விஷயத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1834-ல் சூசன் ஹூட்டனைத் திருமணம் செய்துகொண்டார். குடும்பம் அமைந்த கொஞ்ச நாளிலேயே நிமோனியா காய்ச்சல் தாக்கியது. பிழைத்ததே பெரிய விஷயம். உடம்பு தேறியதும், மனைவியையும் மூன்று வயது மகன் சார்லஸையும் கூட்டிக்கொண்டு வெர்மான்ட் மலைப்பகுதிக்கே திரும்பினார். கிரீன் ரிவர் என்ற ஆற்றங்கரையில் தானே திட்டம் போட்டு, தானே கட்டி, ஒரு மாவு மில் தொடங்கினார்.

மில் ஓடியது, வருமானம் ஓடவில்லை. சரி, மாவு அரைத்தால்தானே ஆள் வரவில்லை என்று, அதையே மரம் அறுக்கும் மில்லாக மாற்றினார். அதற்கும் ஆள் வரவில்லை. அப்புறம் வண்டிகள் செய்து விற்க ஆரம்பித்தார். அதில் கைதேர்ந்தவர் என்று பெயர் கிடைத்தது. மூச்சு விடலாம் என்று நினைக்கிற நேரத்தில், 1842-ல் சூசன் இறந்துபோனார். பெரியவன் பள்ளிக்கூட வயசுப் பையன், சின்னவன் நார்ட்டனோ இன்னும் இடுப்பை விட்டு இறங்காத குழந்தை. முப்பது வயதைத் தாண்டியிருந்த எலிஷா, ரெண்டு பிள்ளைகளோடு மறுபடியும் பூஜ்ஜியத்தில் நின்றார்.

ஐந்நூறு டாலர் போனஸும் வறண்டுபோன ஓடையும்

1845-ல் எலிசபெத் பாய்டை மறுமணம் செய்துகொண்டு, ஆல்பனி நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். கட்டில் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஒரு நாள் முழுக்க மாங்கு மாங்கென்று உழைத்தால் பன்னிரண்டு கட்டில்களுக்கு வேலை முடியும். எத்தனை நாள்தான் இப்படிக் கடைசல் பிடித்துக்கொண்டே இருப்பது? எலிஷாவுக்கு அலுத்துப்போனது. அலுப்பு வந்தால் நாமெல்லாம் லீவு போடுவோம். அவர் ஓர் எந்திரம் செய்தார். கட்டில் சட்டங்களைத் தானாகக் கடைந்து கொடுக்கும் அந்த எந்திரம் வேலையை நான்கு மடங்கு வேகமாக்கியது. அசந்துபோன முதலாளி 500 டாலர் போனஸ் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது கொழுத்த பணம்.

கையில் காசு வந்ததும் சொந்தத் தொழில் ஆசை மறுபடி எட்டிப் பார்த்தது. ஓடைத் தண்ணீரின் விசையில் எந்திரங்கள் ஓடும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். ரயிலுக்குப் பாதுகாப்பான பிரேக், ரொட்டியைத் தானாகச் சுட்டு எடுக்கும் அடுப்பு என்று வரிசையாக யோசனைகள். இந்தத் தடவை பிழைத்துக்கொள்வார் போலிருக்கே என்று நினைத்தால்... ஆல்பனி நகராட்சி, ஊருக்குக் குடிநீர் கொண்டுவருவதற்காக அந்த ஓடையைத் திருப்பிவிட்டது. ஓடை போனது, விசை போனது, பட்டறையும் போனது.

கவனித்தீர்களா? ஒவ்வொரு முறையும் இவருடைய திறமையில் குறை இல்லை. எங்கிருந்தோ ஒன்று வந்து காலை வாரியது. இந்த இடத்தில் பலர் கசந்துபோய்விடுவார்கள். எலிஷா பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார். 1851-ல் நியூ ஜெர்சியின் பெர்கன் நகரில் மெக்கானிக் வேலை. அங்கிருந்து நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸ் நகரம். கைவிடப்பட்ட மரம் அறுக்கும் மில் ஒன்றைக் கட்டில் தொழிற்சாலையாக மாற்றித் தரும் பொறுப்பு அவரிடம் வந்தது. வயது நாற்பதைத் தொட்டிருந்தது.

வில்வண்டியின் வில்

பழைய மில்லில் குவிந்து கிடந்த சாமான்களையும் எந்திரங்களையும் மேல்மாடிக்கு ஏற்ற வேண்டும். கயிறு கட்டி மேலே இழுக்கும் பலகை மேடைகள் அப்போதே இருந்தன. ஆக, லிஃப்ட்டைக் கண்டுபிடித்தவர் ஓட்டிஸ் என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மைதான். கயிற்றில் பாரத்தை மேலே தூக்கும் வித்தை பண்டைய கிரேக்கர்களுக்கும் ரோமானியர்களுக்கும் தெரியும். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. கயிறு அறுந்தால் மேடை கீழே. மேடையில் ஆள் இருந்தால் ஆளும் கீழே. அதனால் சரக்கை மட்டும் ஏற்றினார்கள், மனிதர்கள் ஏறத் துணியவில்லை. வேலைக்காக வேறு வழியின்றி ஏறிய தொழிலாளர்கள் விழுந்து செத்த சம்பவங்களும் நடந்தன.

எலிஷாவும் அவருடைய பிள்ளைகளும் சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்தார்கள். இங்கேதான் நீங்கள் நினைவில் வைத்திருந்த வண்டிப் பட்டை வருகிறது. நம் ஊர் வில்வண்டிக்கு அந்தப் பெயர் வந்ததே அடியில் இருக்கும் வில்லால்தானே? அதே மாதிரி ஒரு வண்டி வில்லை எடுத்து மேடையின் மேல் பொருத்தினார். தூக்கும் கயிற்றை நேராக மேடையில் கட்டாமல், அந்த வில்லின் நடுவில் கட்டினார். மேடை ஏறி இறங்கும் பாதையின் ரெண்டு பக்கத் தூண்களிலும் ரம்பப் பல் மாதிரி பற்கள் வைத்தார்.

எப்படி வேலை செய்யும் தெரியுமா? கயிறு விறைப்பாக இருக்கும்வரை, மேடையின் பாரம் வில்லை வளைத்தே வைத்திருக்கும். வளைந்த வில்லின் முனைகள் பற்களைத் தொடாது. மேடை ஜம்மென்று ஏறி இறங்கும். கயிறு அறுந்ததோ, இழுவிசை போய் வில் சட்டென்று நிமிரும். நிமிர்ந்ததும் அதன் ரெண்டு முனைகளும் பக்கவாட்டில் நீண்டு பற்களில் கவ்விக்கொள்ளும். அவ்வளவுதான். மேடை அந்த இடத்திலேயே நிற்கும்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. ஆபத்து வரும்போது யாரும் ஓடி வந்து பட்டனை அழுத்த வேண்டாம், நெம்புகோலை இழுக்க வேண்டாம். எந்தக் கயிறு அறுந்து ஆளைக் கொல்லப் பார்க்கிறதோ, அது அறுந்ததே பிரேக்கைப் போட்டுவிடும். வண்டிக்காரராக இருந்தபோது பார்த்த வில், மர மில்லில் பார்த்த ரம்பப் பல், ரயிலுக்காக யோசித்த பிரேக்... தோற்றுப்போன தொழில்கள் எல்லாம் ஒரே பொருளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்ட மாதிரி இல்லை?

ஆனால், அதன் மதிப்பு செய்தவருக்கே தெரியவில்லை. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கவில்லை. முதலாளியிடம் போனஸும் கேட்கவில்லை. வேலை முடிந்தது, சாமான் மேலே போனது என்று விட்டுவிட்டார். கட்டில் தொழிற்சாலையும் நொடிக்கத் தொடங்கியது. அந்தச் சமயத்தில் கலிஃபோர்னியாவில் தங்கம் தேடிப் பலரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். எலிஷாவும் கிளம்ப நினைத்தார். அப்போது நியூயார்க்கின் ஹட்சன் தெருவில் இருந்த மரச்சாமான் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. கீழே விழாத அந்த மேடை எங்களுக்கும் ரெண்டு வேண்டும் என்றார்கள். தங்கம் தேடும் பயணம் ரத்து. 1853 செப்டம்பரில் யாங்கர்ஸில் லிஃப்ட் செய்யும் தொழிலைத் தொடங்கினார்.

கோடரி விழுந்த நொடி

தொடங்கியாச்சு. ஆனால், அடுத்தடுத்த மாதங்களில் ஆர்டர் வந்தபாடில்லை. பொருள் நல்ல பொருள்தான். வாங்குகிறவருக்கு நம்பிக்கை வர வேண்டுமே! விழாது என்று வாயால் எத்தனை தடவை சொன்னாலும், உயிர் விஷயத்தில் யாரும் சொல்லை நம்ப மாட்டார்கள். கண்ணால் பார்க்க வேண்டும்.

நியூயார்க்கில் அப்போது இரும்பாலும் கண்ணாடியாலும் கட்டிய கிரிஸ்டல் பேலஸில் பெரிய தொழிற்கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. இன்றைய பிரையன்ட் பூங்கா இருக்கும் இடம் அது. சர்க்கஸ் உலகில் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற பி.டி.பார்னம் 1854-ல் அந்தக் கண்காட்சியின் பொறுப்பில் இருந்தார். கூட்டத்தைக் கூட்டும் வித்தை தெரிந்தவர். அங்கேதான் எலிஷாவுக்கு இடம் கிடைத்தது.

நான்கு பக்கமும் திறந்த ஒரு மேடை. அதில் பீப்பாய்களும் பெட்டிகளும். அவற்றோடு எலிஷாவும் ஏறி நின்றார். மேடை மேலே மேலே போனது. கீழே கூட்டம் கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தது. நல்ல உயரத்துக்குப் போனதும் அவர் சைகை காட்ட, மேலே கோடரியோடு நின்றிருந்த ஆள் தூக்குக் கயிற்றை ஓங்கி வெட்டினார். கூட்டத்தின் மூச்சு நின்றது. மேடை சில அங்குலம் இறங்கியது... நின்றுவிட்டது. பற்களில் வில் கவ்விக்கொண்டது. மேடைக்கும் ஒன்றும் ஆகவில்லை, மேலே நின்ற மனிதருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஒரு தடவை அல்ல, அந்தக் கண்காட்சியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார். நினைத்துப் பாருங்கள்... ரெண்டு பையன்களுக்கு அப்பா, நாற்பது வயதைத் தாண்டியவர், கையில் இருக்கும் கடைசித் தொழிலும் படுத்துவிடக் கூடாதே என்ற நிலை. தான் செய்த பொருளைத் தானே நம்பவில்லை என்றால் அப்படி ஏறி நிற்க முடியுமா? அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு ஆர்டர் கூடியது.

முதல் பயணிகள் லிஃப்ட்

சரக்குக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மனிதர்களுக்கு? அதற்கு மூன்று ஆண்டுகள் ஆனது. நியூயார்க் பிராட்வே சாலை, 488-ம் எண் கட்டடம். இ.வி.ஹாவ்வவுட் என்ற ஐந்து மாடிக் கடை. பீங்கான், வெள்ளிச் சாமான், சரவிளக்கு எல்லாம் கிடைக்கும் பணக்காரக் கடை. அமெரிக்க அதிபர் லிங்கனின் மனைவி மேரி பின்னாளில் வெள்ளை மாளிகைக்குப் பீங்கான் பாத்திரங்கள் வாங்கியது இங்கேதான். பட்டுக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்து மாடி ஏறச் சொன்னால் எந்தப் பணக்காரப் பெண்மணி வருவார்?

1857-ம் ஆண்டு மார்ச் 23-ம் தேதி அந்தக் கடையில் ஓட்டிஸின் பயணிகள் லிஃப்ட் இயங்கத் தொடங்கியது. ஓடியது நீராவி எந்திரத்தில். வேகம் நிமிடத்துக்கு 40 அடி. அதாவது மேல்மாடிக்குப் போய்ச்சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். இன்றைக்கு நமக்கு அது ஆமை வேகம். அன்றைக்கு அதில் ஏறுவதற்காகவே கடைக்கு வந்தவர்கள் உண்டு. அந்தக் கட்டடம் இன்றும் அதே முனையில் நிற்கிறது.

எலிஷா அதோடு உட்காரவில்லை. நீராவியால் ஓடும் கலப்பை, ரொட்டி அடுப்பு என்று வேறு கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வாங்கிக்கொண்டே இருந்தார். லிஃப்ட்டுக்கான நீராவி எந்திர அமைப்புக்கு 1861 ஜனவரி 15-ம் தேதி காப்புரிமை கிடைத்தது. அதன் பலனைப் பார்க்க அவருக்கு மூன்று மாதங்கள்கூடக் கிடைக்கவில்லை. தொண்டை அடைப்பான் நோய் வந்து, 1861 ஏப்ரல் 8-ம் தேதி யாங்கர்ஸில் இறந்துபோனார். வயது 49. நான்கு நாள்களில் அமெரிக்க உள்நாட்டுப் போர் வெடித்தது. நாடே போர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு லிஃப்ட்காரரின் சாவை யார் பெரிதாகப் பேசியிருப்பார்கள்?

அவர் விட்டுச் சென்றது சின்னத் தொழிற்சாலை, கடன், ரெண்டு பிள்ளைகள். ஆனால், அந்தப் பிள்ளைகள் அப்பாவோடு நின்று முதல் மேடையைச் செய்தவர்கள். சார்லஸும் நார்ட்டனும் தொழிலை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1870-ல் நியூயார்க்கின் ஈக்விட்டபிள் இன்ஷூரன்ஸ் கட்டடத்தில் ஓட்டிஸ் லிஃப்ட்டுகள் ஓடின. பயணிகள் லிஃப்ட்டோடு எழுந்த முதல் அலுவலகக் கட்டடம் அதுதான். நார்ட்டன் பிற்காலத்தில் யாங்கர்ஸ் நகர மேயராகவும், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார்.

மொட்டைமாடிக்கு வந்த மவுசு

ஓட்டிஸுக்கு முன்னால் மேல்மாடி என்றாலே இளப்பம். படியேற முடிந்தவர்கள், வாடகை கொடுக்க முடியாதவர்கள் அங்கே இருப்பார்கள். பணக்காரர்கள் தரையை ஒட்டிய மாடிகளில். லிஃப்ட் வந்ததும் எல்லாம் தலைகீழ். காற்று, வெளிச்சம், அமைதி என்று மேல்மாடிக்கு விலை ஏறியது. இன்று அபார்ட்மென்ட் புக் பண்ணப் போனால் உயரமான மாடிக்குக் கூடுதல் பணம் கேட்கிறார்களே, அதற்கான பிள்ளையார் சுழியை அந்த வண்டிவில்தான் போட்டது.

1889-ல் பாரிஸில் ஈஃபிள் கோபுரம் எழுந்தபோது, அதன் சாய்ந்து வளைந்த கால்களுக்குள் இரண்டாம் தளம்வரை போகும் லிஃப்ட் அமைக்கப் பிரெஞ்சு நிறுவனங்கள் முன்வரவில்லை. வடக்கு, தெற்குக் கால்களில் அதைச் செய்துகாட்டியது ஓட்டிஸ் பிள்ளைகளின் நிறுவனம். அங்கேயும் கயிற்றை அறுத்துச் சோதித்துக் காட்டினார்கள். அப்பாவின் வித்தை! நம் நாட்டுக்கு அந்தப் பெயர் வந்தது கொல்கத்தா ராஜ்பவன் வழியாக. அங்கே 1892-ல் வைத்த பறவைக்கூண்டு மாதிரியான லிஃப்ட்தான் இந்தியாவில் தாங்கள் அமைத்த முதல் லிஃப்ட் என்கிறது ஓட்டிஸ் நிறுவனம்.

புதுப்பிக்கும்போது என்ன மாறும்?

இப்போது நம் பென்ஷன் அலுவலக லிஃப்ட்டுக்குத் திரும்புவோம். லிஃப்ட்டுக்குப் பொதுவாக இருபது, இருபத்தைந்து ஆண்டு ஆயுள் சொல்வார்கள். நம் பொதுக்கட்டடங்களில் அதையும் தாண்டி உழைத்துக்கொண்டிருக்கும் லிஃப்ட்டுகள் ஏராளம். புதுப்பிப்பது என்றால் எல்லாவற்றையும் பிடுங்கி எறிவது இல்லை. பெட்டி ஓடும் கைடு ரயில், எதிர் எடைக்கட்டைகள் போன்றவை நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விடுவதும் உண்டு. மோட்டார், கன்ட்ரோலர், ரோப், கதவு, பட்டன் பலகை ஆகியவை மாறும். மின்சாரம் போனால் பக்கத்து மாடியில் கொண்டுபோய் நிறுத்திக் கதவைத் திறந்துவிடும் பேட்டரி அமைப்பு சேரும். பார்வையில்லாதவர்களுக்காக பிரெய்ல் பட்டன், மாடி எண்ணைச் சொல்லும் குரல், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு எட்டும் உயரத்தில் பலகை என்று பலதும் வரும். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில்கூட 1931-ல் லிஃப்ட் வைத்த அதே ஓட்டிஸ் நிறுவனம், 80 ஆண்டுகள் கழித்து 68 லிஃப்ட்டுகளைப் புதுப்பிக்கும் வேலையை எடுத்தது.

மாறாமல் இருப்பது எலிஷாவின் யோசனை. இன்றைய லிஃப்ட்டில் வண்டிவில் இல்லை. பல எஃகு ரோப்புகள் சேர்ந்து பெட்டியைத் தாங்குகின்றன. கவர்னர் என்ற கருவி வேகத்தைக் கண்காணிக்கிறது. பெட்டி நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி இறங்கினால், அது பெட்டியின் அடியில் இருக்கும் பிரேக்கைத் தூண்டிவிடும். இரும்புத் தாடைகள் ரெண்டு பக்க ரயிலையும் கவ்விப்பிடிக்கும். கருவி மாறியிருக்கிறது, கொள்கை அதே 1854-ன் கொள்கைதான். எந்த கம்பெனி லிஃப்ட்டாக இருந்தாலும் சரி.

அதனால் உங்கள் அபார்ட்மென்ட்டிலோ, அலுவலகத்திலோ பழைய லிஃப்ட்டைப் புதுப்பிக்கிறார்கள் என்றால், கண்ணாடியும் எல்.இ.டி விளக்கும் எப்படி இருக்கு என்று மட்டும் பார்க்காதீர்கள். கவர்னரையும் பாதுகாப்பு பிரேக்கையும் சோதித்தீர்களா, எப்போது சோதித்தீர்கள் என்று கேளுங்கள். நம் மாநிலத்தில் லிஃப்ட்டுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஆய்வும் உண்டு. அந்த லைசென்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை. பொதுக்கட்டடத்தில் லிஃப்ட் மாதக்கணக்கில் நின்றால், அது சின்ன அசௌகரியம் என்று விட்டுவிட முடியாது. மூட்டு வலிக்காரருக்கும், சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் அந்த அலுவலகத்தையே பூட்டிவைத்ததற்குச் சமம்.

இன்னொன்று. லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் பதறாதீர்கள். அந்தப் பெட்டிக்குக் காற்று வரும் வழி உண்டு. கதவை நெம்பித் திறந்து, ரெண்டு மாடிக்கு நடுவில் இருந்து குதிக்கப் பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. அலாரம் பட்டனை அழுத்திவிட்டுக் காத்திருங்கள்.

அந்த வயதான அம்மாவை அப்புறம் ஒருநாள் அதே அலுவலகத்தில் பார்த்தேன். இந்த முறை யாரையும் எதிர்பார்க்கவில்லை. தானே பட்டனை அழுத்தினார், கதவு திறந்தது, மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்தபடி உள்ளே போனார். மூன்றாவது மாடியில் இறங்கும்போது அவருக்கு மூச்சு வாங்கவே இல்லை.